கார்த்திகையில் பிரித்த இஞ்சின்

நேற்று அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக்குத் திரும்பும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் தூக்கினார். கருகிய ஆயில் வாடை குப்பென்று உள்ளே அடித்தது. ஆளாளுக்குத் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. உங்கள் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் வந்த வாடை அது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் நான் செய்த கூத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். டிரைவர் சின்ன வயசுக்காரர். எதையோ முறுக்கப் போய் ஸ்பானர் நழுவி, விரல் முட்டி கிழிந்துவிட்டது. ரத்தம் இஞ்சின் மேல் சொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "காவு வாங்கிருச்சு டீச்சர். இனி மணமேல்குடி போயித்தான் நிக்கும்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! கீழே இறங்கி, அவர் கையை வெடுக்கென்று பிடித்து, கூஜாவில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினேன். "மொதல்ல ஆசுபத்திரிக்குப் போயி ஊசி போடுங்க. அப்புறம் வண்டியத் தொடுங்க" என்று கத்தினேன். மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிய அம்மாள் ஒருத்தி, "வீட்டுல புள்ளைக பசியோட கெடக்கும் டீச்சர், விடுங்க" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. பின்னால் வந்த லாரியில் அவரை ஏற்றி, நானும் ஏறி, ஊசி போடுகிறவரை பக்கத்திலேயே நின்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை என்னவெல்லாம் திட்டினார்களோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏற்கெனவே 'ஊசி டீச்சர்' என்றுதான் பெயர். முள் குத்தினால்கூடப் பிள்ளைகள் என்னிடம் காட்டாமல் ஒளித்துக்கொள்கின்றன.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த டிரைவர் மேல் எனக்கென்ன கோபம்? கோபமெல்லாம் உங்கள் மேல்தான். அதைச் சொல்லித் தீர்க்க உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? உயிரோடு இருந்தபோது உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க' என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். இந்தாங்க, கொஞ்சம் கேளுங்கள்.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஆச்சி வீட்டில் நாம் இருந்த காலம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்தெருப் பக்கம் கார் கொட்டகை, அதை ஒட்டி நமக்கு ஓர் அறை. கார் வருவதற்கு முன் அந்தக் கொட்டகை குதிரை லாயமாக இருந்ததாம். மழை பெய்தால் மண்ணிலிருந்து அந்தப் பழைய வாடை கிளம்பும். "குதிர போயி எத்தனையோ காலமாச்சு, நாத்தம் மட்டும் குடியிருக்கு" என்று நான் முணுமுணுப்பேன். "வாடகை குடுக்காம குடியிருக்கிறது நாமளும்தான் புள்ள" என்று சிரிப்பீர்கள்.

ஆச்சியின் வீட்டுக்காரர் பர்மாவில் வியாபாரம் செய்த நாளில் வாங்கிய பிளஷர் கார் அது. அவர் காலமாகி, பிள்ளைகள் மெட்ராஸில் குடியேறியபின், ஆச்சியைக் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை. அந்த வருஷம் வண்டி ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. நீங்கள் ஸ்டார்ட் செய்தால் தெருவே நீலமாகிவிடும். "என்ன டிரைவரு, வெள்ளிக்கெழமையா? சாம்பிராணி பலமா இருக்கு" என்று பெட்டிக்கடைக்காரர் கேட்பார். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள், ஆனால் கொட்டகைக்கு வந்து பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பீர்கள்.

தீபாவளிக்கு ஆச்சியின் மூத்த மகன் வந்தார். தை மாதத்தில் அவருடைய மகனுக்குக் கல்யாணம். புகையைப் பார்த்து முகம் சுளித்து, "இதை இரும்புக் கடைக்குத் தள்ளிட்டு மெட்ராஸ்லேருந்து புது வண்டி டிரைவரோட கொண்டாந்துர்றேன் ஆத்தா" என்றார். ஆச்சிக்கு மனசில்லை. ஆனால் மகன் பேச்சைத் தட்டவும் முடியவில்லை. அப்போதுதான் யாரும் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள்.

"ஆச்சி, இஞ்சினப் பிரிச்சு பிஸ்டன் ரிங்கு மாத்துனாப் போதும். நானே பிரிச்சு மூடித் தாரேன். மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டியே போகும்."

"இதுக்கு முன்னாடி இஞ்சினப் பிரிச்சிருக்கியாப்பா?"

"இல்லைங்க ஆச்சி. இதுதான் மொதத் தடவை."

ஆச்சிக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். "சரி. தை பொறக்கும்போது வண்டி ஓடுச்சுன்னா வண்டியும் இருக்கும், நீயும் இருப்பே. ஓடலைன்னா பெரியவன் சொன்னபடிதான்" என்றார். அவ்வளவுதான். நம்முடைய சோறு, அந்த அறை, உங்களுடைய மானம் எல்லாம் அந்த ஒரு இஞ்சினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அறைக்கு வந்து என்னிடம் சொன்னபோது நான் குதித்தேனே, நினைவிருக்கிறதா? "ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பஞ்சர் ஒட்டுறதும் இஞ்சினப் பிரிக்கிறதும் ஒண்ணா?"

"பிரிக்கிறதுக்கு என்ன புள்ள, போல்டைக் கழத்துனா வந்துரும். மூடுறதுதான் பாடு."

"அப்ப மூடுறதுக்கு யாரு வருவா?"

"அதுக்குத்தான் ஒன்னையக் கட்டிக்கிட்டு வந்தேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வேறு வழியும் இல்லை. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று ஆச்சி வீட்டு அலமாரியில் கிடந்தது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் பாதிக்கு மேல் விளங்காது. படத்தைப் பார்த்து நீங்கள் சொல்வீர்கள். வார்த்தையை நானும் விஷயத்தை நீங்களுமாகப் பிடித்துக்கொண்டு அந்தப் புஸ்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போனோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகப் படித்த ஒரே பாடப்புஸ்தகம் அதுதான்.

புதுக்கோட்டையில் உங்கள் சிநேகிதர் பாய் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்புக்கு, ஆச்சி வீட்டுச் சாமான் வாங்கப் போகும் சாக்கில் போய் நிற்பீர்கள். பாய் வேறு வண்டியின் இஞ்சினைப் பிரிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு நடத்துவீர்கள். என் பித்தளை டம்ளர்கள் நான்கும் பிஸ்டன். அரிவாள்மனை கிராங்கு. அப்பளக் குழவி எதற்கோ வந்தது, மறந்துவிட்டது. "மொத டம்ளரும் கடைசி டம்ளரும் ஒண்ணா ஏறும், ஒண்ணா எறங்கும். நடுவுல இருக்கிற ரெண்டும் அதுக்கு எதிரு" என்று இரண்டு கையாலும் ஏற்றி இறக்கிக் காட்டுவீர்கள். "ரசம் ஆறுது. அந்தப் பிஸ்டன்ல ஊத்திக் குடிங்க" என்பேன்.

தயாரிப்பு என்றால் அப்படி ஒரு தயாரிப்பு. கல்யாண வீட்டுக்காரர்களே தோற்றார்கள். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் கொட்டகை நடுவில் நீங்களே குழி வெட்டினீர்கள். ஆச்சி வீட்டில் கழித்துப் போட்ட வேட்டிகளை வாங்கி, அலசிக் காயவைத்துக் கிழித்து அடுக்கினேன். சாமான் கழுவச் சீமெண்ணெய் டின்னை நெடுக வெட்டித் தொட்டி மாதிரி ஆக்கினீர்கள். போல்டு நட்டு போட, பெட்டிக்கடைக்காரர் காலி சிகரெட் டப்பாக்களாகச் சேர்த்துக் கொடுத்தார். ரிங்கு செட்டும் பேரிங்கும், மூடும்போது நடுவில் வைக்கிற கேஸ்கட்டும் மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்தன. அந்தக் காக்கிக் காகிதத்தைப் பிரித்து ரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது உங்கள் முகம் இருந்ததே! எனக்குத் தோடு வாங்கித் தந்த அன்றைக்குக்கூட அப்படி இல்லை. அதைச் சொல்லிச் சண்டைகூடப் போட்டேன்.

அப்புறம் அந்தச் சேவல். ஒர்க்‌ஷாப் வழக்கம் உங்களுக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது. பெரிய வேலைக்கு வண்டியைத் திறக்குமுன் காவு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தானாக யாரிடமாவது வாங்கிக்கொள்ளும் என்பது உங்கள் சத்தியமான நம்பிக்கை. திருமயம் சந்தையிலிருந்து ஒரு கருஞ்சேவலை வாங்கிவந்து கொட்டகையில் கட்டினீர்கள். ஆச்சி காதுக்குச் செய்தி போயிற்று. ஆள் விட்டுக் கூப்பிட்டு, "கல்யாணம் வச்சிருக்கிற வீட்டு வளவுக்குள்ள ரத்தம் சிந்தக்கூடாதுப்பா. எலுமிச்சம்பழம் நறுக்கு, பூசணிக்காய ஒடை. அது போதும்" என்று முடித்துவிட்டார். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். ஆனால் முகத்தில் தெளிவில்லை. சேவலை அவிழ்த்துவிட்டீர்கள். அது நம் வீட்டுப் பிள்ளை மாதிரி கொட்டகையில் உலாத்த ஆரம்பித்தது.

அந்தச் சேவல் எனக்கு வைத்த வேலையைச் சொல்லியாக வேண்டும். புஸ்தகத்தில் இஞ்சினைப் பிரித்துப் பிரித்து வரைந்த படம் ஒன்று இருந்ததல்லவா? அதைத் தரையில் பெரிதாகப் போட்டுவிட்டால், கழற்றுகிற சாமானை அதனதன் இடத்தில் வைத்துவிடலாம், மூடும்போது குழப்பம் வராது என்று எனக்கு ஒரு யோசனை. பெருக்கித் தண்ணீர் தெளித்து, பச்சரிசி மாவில் அவ்வளவு பெரிய படத்தையும் இழுத்து முடித்தேன். வாசலில் போடுகிற கை, கோலமாவைத் தவிர வேறெதைத் தேடும்? விடிந்து பார்த்தால் பாதிப் படத்தைச் சேவல் தின்றிருந்தது. மீதியை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. வால்வு நான்கைக் காணோம். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"நல்லாத்தான் இருக்கு! நாம ரிங்க மாத்தப் பாத்தா, இவ இஞ்சினச் சேவலுக்கு எலை போட்டுப் பரிமாறிட்டா."

"சிரிக்காதீங்க. இங்கிட்டு வந்து இதைப் பிடிங்க" என்று சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன். அந்தச் சுண்ணாம்புப் படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கிழிந்த வேட்டித் துண்டு ஒன்றைப் போட்டோம். எல்லாம் தயார். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தோம். அத்தனை வேலையும் இனிமேல்தான் என்று தெரிந்தும், ஏதோ முடித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு. அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள்: "இது மட்டும் ஓடிருச்சுன்னா நான் வெறும் டிரைவர் இல்லை புள்ள." 

கார்த்திகை பிறந்து நல்ல நாள் பார்த்து இஞ்சினைத் திறந்தீர்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, முதல் போல்டைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள். நான் டப்பாவில் போட்டேன். மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினோம். உள்ளே கரி அப்பியிருந்தது. பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து என் கட்டங்களில் உட்கார்ந்தன. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த நாட்களில் நீங்கள் நடந்த நடையே வேறு. ஆச்சி ஒருநாள் எட்டிப் பார்த்து, தரையெல்லாம் பரந்து கிடந்த இஞ்சினைக் கண்டு மலைத்து, "இது திரும்பவும் ஒண்ணாச் சேருமாப்பா?" என்று கேட்டார். "ஒங்க பேரன் ஊர்வலம் போவாரு ஆச்சி" என்றீர்கள்.

பிஸ்டனில் ரிங்கு உட்காரும் காடிகளில் கரி இறுகியிருந்தது. அதைச் சுரண்டப் பழைய ரிங்கு ஒன்றையே உடைத்து, அந்தத் துண்டால் சுரண்ட வேண்டும் என்று பாய் சொல்லிக் கொடுத்திருந்தார். உடைந்த ரிங்கின் முனை பிளேடு மாதிரி இருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். "புள்ள, இங்க வாயேன்!" என்று நீங்கள் கூப்பிட்ட குரலில் அவ்வளவு உற்சாகம். ஓடிவந்தால், பெருவிரலுக்குக் கீழே சதை பிளந்திருக்கிறது. கையைக் கட்டாமல், அதை இஞ்சின் மேல் நீட்டிச் சொட்டவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, காவு வாங்கிருச்சு! ஆச்சி வேண்டாம்னா, அது தானா எடுத்துக்கிருச்சு. சேவலும் மிச்சம். இனி இதுக்கு ஒரு கொறையும் இல்லை, ஓடிரும்."

"வெட்டு ஆழமா இருக்குங்க. திருமயம் போயி ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துருங்க."

"இத்தினிக்காண்டு காயத்துக்கு ஊசியா? ஒர்க்‌ஷாப்புல கேட்டாச் சிரிப்பாங்க. சீமெண்ணெய்ல கையக் கழுவுனா ஆறிரும். இஞ்சின மூடிட்டுப் போறேன், போ."

சீமெண்ணெயில் கழுவி, மஞ்சளை அப்பி, நான் கிழித்து வைத்த வேட்டித் துண்டில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, அதே கையோடு அந்தக் குழிக்குள் இறங்கினீர்கள். குதிரைகள் நின்ற மண். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். 'மூடிட்டுப் போறேன்' என்பதுதான் பதில். மனசில் இருந்த உறுத்தல் நீங்கிவிட்டது உங்களுக்கு. காவு கொடுத்தாயிற்று, இனி வண்டி மோசம் செய்யாது. அந்த நிம்மதியில் இரட்டிப்பாக வேலை பார்த்தீர்கள். புது ரிங்குகளைப் பிஸ்டனில் ஏற்றினீர்கள். வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கினீர்கள். மூடுவதற்கு எல்லாம் தயார் என்ற நிலைக்கு வந்துவிட்டது. காயமும் மேலே மூடிக்கொண்டது.

ஒருநாள் காலையில் வெற்றிலையை வாயில் போடப் போனவர், போட முடியாமல் நிறுத்தினீர்கள். "தாடை பிடிச்சுக்கிச்சு புள்ள. பனி" என்றீர்கள். மத்தியானம் கஞ்சியும் இறங்கவில்லை. பிடரி விறைத்தது. சாயங்காலம் உங்கள் உடம்பு முதல் தடவை வில்லாக வளைந்தபோது நான் போட்ட சத்தத்தில் ஆச்சியே பின்தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். ஊரில் இருந்த ஒரே மோட்டார் வண்டி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. மாட்டு வண்டியைப் பூட்டினார்கள். திருமயம் வரை அந்த வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் நீங்கள் துடித்தீர்கள். உங்கள் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். திருமயத்தில் லாரி பிடித்துப் புதுக்கோட்டைப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் கையைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது ரணஜன்னிம்மா. நீங்க சொன்ன லாயத்து மண்ணு காயத்துக்குள்ள போயிருக்கு. காயம் பட்ட அன்னைக்கே வந்திருந்தா ஒரு ஊசியோட போயிருக்கும். இப்பப் போட்டிருக்கேன். பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உங்களை ஓர் இருட்டறையில் போட்டார்கள். வெளிச்சமும் சத்தமும் ஆகாதாம். கதவு கிரீச்சிட்டால் உங்கள் உடம்பு முறுக்கிக்கொள்ளும். என் வளையல் சத்தம்கூட ஆகவில்லை என்று, நானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும் வேளை எனக்கு வரவில்லை.

பற்கள் கிட்டித்திருந்த நிலையிலும் நீங்கள் பேசினீர்கள். காதை வாயருகே கொண்டுபோனேன். "கேஸ்கட்டு... பெட்டி மேல இருக்கு. பாயைக் கூப்பிட்டு மூடச் சொல்லு" என்றீர்கள். பாவி மனுஷா! போகிற நேரத்தில் ஒரு பெண்டாட்டியிடம் சொல்லும் வார்த்தையா அது? 'நீ எப்படி இருப்பே' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அதற்காகவும் நான் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது, வண்டி ஓடினால் எனக்கு அந்த அறை நிலைக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆச்சி கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு வழி செய்துவிட்டுப் போகப் பார்த்திருக்கிறீர்கள். இப்போதும் எனக்கு அழுகை வருவது அந்த இடத்தில்தான்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பேசிய பேச்சு ஒன்றா இரண்டா! "அந்தச் சேவல வெட்டியிருந்தா இவன் பொழச்சிருப்பான்" என்று ஆச்சி காதுபடவே சொன்னார்கள். அந்தக் கருஞ்சேவல் பந்தற்காலடியில் மேய்ந்துகொண்டிருந்தது.  ஆச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் தடுத்ததாலயா ஆத்தா இப்படி ஆச்சு?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.  "சேவலும் இல்லை, காவும் இல்லை ஆச்சி. ஒரு ஊசி. ஒரே ஒரு ஊசி. அதைப் போட மாட்டேன்னுட்டுப் போயிட்டாக" என்று கத்தினேன். துக்க வீட்டில் நான் அழுததைவிடக் கத்தியதுதான் அதிகம் என்று பின்னால் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

காரியங்கள் முடிந்தபின் கொட்டகைக்குள் யாரும் வரவில்லை. 'ஆளைத் தின்ன வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டிக்கடைக்காரர்கூடத் தெருவில் இருந்தபடியே பேசிவிட்டுப் போனார். புதுக்கோட்டையிலிருந்து பாய் மட்டும் வந்தார். வாசலில் நின்று, பரப்பிக் கிடந்த சாமான்களையும் அவற்றுக்கு அடியில் என் சுண்ணாம்புக் கோடுகளையும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூடிரலாமா தங்கச்சி?" என்றார்.

"மார்கழி பொறந்துருச்சே பாய்."

"எங்களுக்கு மார்கழி கெடையாது. இரும்புக்கும் கெடையாது. நீ கிட்ட இருந்து எடுத்துக் குடு, போதும்."

எடுத்துக் கொடுத்தேன். "இது எங்கிட்டு இருந்துச்சு தங்கச்சி?" என்று அவர் கேட்குமுன்பே என் கை நீண்டது. இடம் எல்லாம் எனக்குத் தெரியும், நான்தானே வரைந்தேன். நீங்கள் ஏற்றிவைத்த ரிங்குகளைப் பாய் விரலால் சுற்றிப் பார்த்தார். தேய்த்த வால்வுகளில் சீமெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தார். "ஒண்ணையும் நான் தொட வேண்டியதில்லை. எல்லாம் அவன் முடிச்சுட்டான். நான் வெறுமனே மூடுறேன்" என்றார். நீங்கள் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். காற்றில் போயிற்று.

மூடி முடித்து, ஆயிலும் தண்ணீரும் ஊற்றி, பாய் முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இறுக்கமாக இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தி மறுபடி சுற்றினார். நான் சுவரோரம் நின்றுகொண்டு, ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடமும் இதுவரை இதைச் சொன்னதில்லை. ஓடாவிட்டால், நீங்கள் வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்பது போல் ஓர் அசட்டு நினைப்பு. அது ஒரு குலுங்கு குலுங்கிப் பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் இருமியது. அப்புறம் சத்தம் சீராகிவிட்டது. பின்னால் ஒரு பொட்டுப் புகை இல்லை. பாய் பானெட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு, "மாப்ளே, ஓடுதுடா" என்று அழுதார். நான் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டி போகவில்லை. காவு வாங்கிய வண்டியில் பிள்ளையை ஏற்றமாட்டோம் என்று மெட்ராஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காரைக்குடியிலிருந்து வேறு வண்டி வந்தது. ஆனால் ஆச்சி வாக்குத் தவறவில்லை. "ஓடுற வண்டிய விக்க மாட்டேன். அவன் சொன்னபடி செஞ்சு குடுத்திருக்கான்" என்று மகனிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். என்னையும் போகச் சொல்லவில்லை. "நீ எங்கிட்டும் போக வேண்டாம் ஆத்தா. சமையக்கட்டுல என்னோட இருந்துக்க" என்றார். நான்தான் இருக்கமாட்டேன் என்றேன். தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? அப்படியானால் படி என்று, டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க ஆச்சியே ஆள் பிடித்து ஏற்பாடு செய்தார்.

நான் புறப்பட்ட அன்று புது டிரைவர் தன் பெண்டாட்டியோடும் கைக்குழந்தையோடும் அந்த அறைக்கு வந்து இறங்கினார். நல்ல மனுஷர். "திருமயத்துல பஸ் ஏத்தி விடுறேன் அக்கா, வண்டியில ஏறுங்க. நல்ல இஞ்சின் அக்கா, சத்தமில்லாமப் பொத்துனாப்புல ஓடுது" என்றார். "நீங்க போங்க தம்பி. நான் நடந்தே வாரேன்" என்று டிரங்குப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னது ஒரு நல்ல வார்த்தைதான், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு. எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. எனக்கு நல்ல இஞ்சின் எதற்கு? நீங்கள் தோற்றிருக்கலாம். மூட முடியவில்லை புள்ள, ஆச்சி வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமாக எந்த ஊருக்காவது போயிருப்போம். கூலி வேலை செய்தாவது பிழைத்திருப்போம். நான் ஆயுசு முழுக்கக் குத்திக்காட்டியிருப்பேன். நீங்களும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது என்ன என்று நேற்று படுத்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். இஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது. போட்டோ எடுத்துக்கொள்ளவே இல்லை நாம். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம்தான். வகுப்பில் கணக்குக் கொடுப்பேன். எல்லாப் பிள்ளைகளும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, ஒன்று மட்டும் பாதியில் எழுந்து, சிலேட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என் மேஜைக்கு வரும். "எனக்கு வரலை டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். பக்கத்து வகுப்பு வாத்தியாராக இருந்தால் காதைத் திருகி, முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பார். நான் அந்தச் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "வரலைன்னா விட்டுரு சாமி. வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டு வா" என்று அனுப்பிவிடுவேன்.